சைட்மேப் கொடுத்த பிறகும் எங்கள் சேலைக் கடை இணையதளத்தின் பெரும்பாலான பக்கங்கள் கூகுளில் வரவில்லை. ஒவ்வொரு சேலையின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கிறோம்; விவரங்களை மொத்த வியாபாரி அனுப்பிய தாளிலிருந்தே எடுத்துப் போட்டோம். மறுபடி சமர்ப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். சைட்மேப் என்பது உங்களிடம் இன்னின்ன முகவரிகள் இருக்கின்றன என்று தெரிவிக்கும் பட்டியல்தான். அதில் உள்ளதையெல்லாம் இண்டெக்ஸில், அதாவது தேடல் முடிவுகளுக்காகக் கூகுள் வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்பில், சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கூகுளுக்கு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உள்ள ‘பேஜஸ்’ அறிக்கையை. ‘டிஸ்கவர்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்று இருந்தால், முகவரி தெரிந்தும் கூகுள்பாட் (பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரல்) இன்னும் அந்தப் பக்கத்தைப் படிக்க வரவில்லை என்று பொருள். ‘டிஸ்கவர்டு’ என்பதற்குப் பதிலாக ‘கிரால்டு’ என்று இருந்தால், வந்து படித்துப் பார்த்துவிட்டுச் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் இரண்டாவது வகையாகத்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு சேலையின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பக்கம் வைத்திருப்பதாகவும், விவரங்களை மொத்த வியாபாரி அனுப்பிய தாளிலிருந்தே எடுத்துப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சிக்கல் இருப்பதாகத் தோன்றுகிறது. அதே வரிகள் அதே வியாபாரியிடம் வாங்கும் மற்றக் கடைகளின் தளங்களிலும் இருக்கும். எனவே நிறங்களை ஒரே பக்கத்துக்குள் தேர்வாகக் கொண்டுவாருங்கள். அது முடியாவிட்டால் நிறப் பக்கங்களிலிருந்து முதன்மைப் பக்கத்தைச் சுட்டும் கெனானிக்கல் குறியை இடுங்கள். அந்தக் குறியைக் கூகுள் ஒரு பரிந்துரையாகவே எடுத்துக்கொள்ளும், உத்தரவாக அல்ல என்பதால் முதல் வழியே மேல். பிறகு, கடைக்கு வருபவர்கள் கல்லாவுக்கு முன் நின்று கேட்பதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்: ஐந்தரை மீட்டருக்கு மேல் ரவிக்கைத் துணி தனியாக உண்டா, ஜரிகை அசலா, வீட்டில் துவைக்கலாமா அல்லது டிரை வாஷ்தானா, முந்தானையைப் பிரித்துப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பன போன்றவை.

இதோடு இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டப்பட்டதானால், அதன் அமைப்பில் ‘ரீடிங்’ பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளம் உருவாகும்போது அதை டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுபவர்கள் ஏராளம். அது பக்கத்தின் மூல நிரலில் ‘நோஇண்டெக்ஸ்’ என்ற மெட்டா வரியாகத் தெரியும். எந்தப் பக்கங்களைப் படிக்கலாம், எவற்றைக் கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு (robots.txt) வேறு சங்கதி: அது படிப்பதைத் தடுக்குமே தவிர, இண்டெக்ஸில் சேர்வதைத் தடுக்காது. ஒரு பக்கத்தை அங்கே தடுத்துவிட்டு உள்ளே நோஇண்டெக்ஸும் போட்டால், கூகுள்பாட் அந்த வரியைப் படிக்கவே வழியில்லாமல் போகும். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய வழக்கத்தை 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் கண்டுகொள்வதில்லை.

‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்தினால் மட்டுமே தெரியும் சேலைகளுக்கு, வகைப் பக்கங்களிலிருந்து சாதாரண இணைப்புகளும் கொடுங்கள். கூகுள்பாட் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில்லை.

யூடியூபில் சிலர் எல்லாத் தளங்களுக்கும் பரிந்துரைக்கும் கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ (பக்கம் புதிதாக வந்ததை நிரல் வழியே கூகுளுக்கு நேரடியாகத் தெரிவிக்கும் வழி), வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலைக் காணொளிகளுக்கும் உரியது, சேலைக்கு அல்ல. பக்கம் மாறியதைத் தேடுபொறிகளுக்கு உடனே தெரிவிக்க, 2021இல் மைக்ரோசாஃப்ட்டும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் கொண்டுவந்த இண்டெக்ஸ்நவ் முறையைக் கூகுள் ஏற்கவில்லை என்றாலும், மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்குக்காக அதை அமைத்துவைப்பதில் நஷ்டமில்லை. எத்தனை ஆயிரம் பக்கமானாலும் ஒரே நாளில் ஏற்றித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களுக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கமாட்டேன்.

மாற்றங்களைச் செய்த பின், அதிகம் விற்கும் சில சேலைகளின் பக்கங்களுக்கு மட்டும் சர்ச் கன்சோலில் உள்ள ‘யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்’ வழியாக, இண்டெக்ஸில் சேர்க்கும்படி ஒருமுறை கோரிக்கை வையுங்கள். அதே முகவரிக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதால் வேகம் கூடாது, நாளொன்றுக்கு வரம்பும் உண்டு. அதே திரையில் ‘லாஸ்ட் கிரால்’ என்ற தேதி, அதாவது கூகுள்பாட் கடைசியாக வந்து படித்த நாள், இருக்கும். நீங்கள் திருத்திய நாளுக்குப் பிந்தைய தேதி அங்கே வரும்வரை, கூகுள் வைத்திருப்பது உங்கள் பழைய பக்கத்தைத்தான். அதற்குள் மறுபடி எதையும் மாற்றாதீர்கள்.