வாசகர் கேள்வி: இலோகானோ வீடுகளில் முதல் தட்டு யாருக்கு?

கேள்வி: பிலிப்பைன்ஸின் வடபகுதியில் வாழும் இலோகானோ மக்கள், இறந்தவர்களுக்குப் படைத்த பின்னரே விருந்துண்பார்கள் என்று படித்தேன். சாப்பாட்டு வேளையில் கரண்டி தவறி விழுந்தால் விருந்தாளி வருவார் என்பதும் அவர்களுடைய நம்பிக்கைதானா? இளைய தலைமுறையினர் இவற்றை இன்னமும் பொருட்படுத்துகிறார்களா?

பதில்: கரண்டி நம்பிக்கையை இலோகானோ மக்களுக்கு மட்டும் உரியதாகச் சொல்ல இயலாது, அது பிலிப்பைன்ஸ் முழுவதும் வழங்குவது, இன்று பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சாகவே நிற்பது. படையலின் கதை வேறு. ‘அத்தாங்’ எனப்படும் அந்தப் படையலில், பசையரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த பலகாரம், அவித்த முட்டை, புகையிலை, வெற்றிலை பாக்கு ஆகியவற்றோடு, கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘பாசி’ என்ற மதுவும் இடம்பெறும். (அந்த மதுவை மக்கள் தாங்களாகவே தயாரிப்பதற்கு ஸ்பானிய அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து 1807இல் ஒரு கிளர்ச்சியே நடந்தது என்றால், அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.) நவம்பர் 1, 2 ஆகிய நாள்களிலும், துக்க வீட்டுச் சடங்குகளின்போதும், இறந்தவர் கனவில் வந்தாலும், காரணம் புரியாமல் யாரேனும் நோயுற்றாலும், கத்தோலிக்கத் திருவுருவங்கள் உள்ள வீட்டுப் பீடத்திலோ இறந்தவரின் படத்துக்கு முன்போ இதை வைக்கிறார்கள், படைக்கும் முன் அதிலிருந்து எடுத்து உண்பது தவறு.

முதியவர்களிடம் இந்த வழக்கத்தோடு அச்சமும் கலந்திருந்தது: மறந்துவிட்டால் இறந்தவர் மனம் வருந்தி நோயைத் தருவார் என்று நம்பினார்கள். பேரப்பிள்ளைகளில் பலர் அந்த அச்சத்தை விட்டுவிட்டு, தாத்தாவுக்குப் பிடித்ததை அவர் படத்தின் முன் வைக்கும் மரியாதையாக அதைத் தொடர்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கைகளைக் காட்டிலும் உறுதியாக நிலைத்திருப்பது நாக்கின் பழக்கம். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் சிக்கனமாக வாழப் பழகிய இம்மக்கள், பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் முதலியவற்றை, ‘பகோங்’ என்ற புளித்த மீன் விழுதுடன் ‘பினக்பெட்’டாகச் சமைக்கிறார்கள், காய்கள் குழையாதிருக்க, கரண்டியால் கிளறாமல் சட்டியையே குலுக்குவார்கள். கசப்பை விரும்பி, ஆட்டுப் பித்தம் சேர்த்த ‘பாப்பைத்தான்’ என்ற குழம்பையும் உண்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க முருங்கைக்கீரை சேர்த்த சூப்பைக் கொடுப்பதும் உண்டு. 1906 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஹவாய்க்குச் சென்ற இலோகானோ குடும்பங்கள் அங்கும் கொல்லையில் முருங்கையும் பாகலும் வளர்த்தன.