தை மாதத்தில் பாலைவனம், கையில் கோல்ஃப் மட்டை

கேள்வி: மாப்பிள்ளை லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கிறார். பாம் டெசர்ட் என்ற ஊரில் டைம்ஷேர், அதாவது விடுதி வீடு ஒன்றில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை, வாங்கி வைத்திருக்கிறாராம். வருகிற ஜனவரியில் எங்களையும் அங்கே கூட்டிப்போய் கோல்ஃப் ஆட வைக்கிறேன் என்கிறார். நான் துறைமுகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவன், ஆடியதெல்லாம் கேரமும் ஃபுட்பாலும்தான். குளிர்காலத்தில் பாலைவனத்துக்கு யாராவது போவார்களா? – ராயபுரம் வாசகர்

பதில்: குளிர்காலத்தில்தான் சார் போவார்கள். ஜூலையில் போனால் 40 டிகிரிக்கு மேல் வெயில், கத்திரியே தேவலை என்று ஆகிவிடும். ஜனவரியில் பகல் 20, 22 டிகிரி, ராத்திரி பத்துக்கும் கீழே. அதாவது காசிமேட்டில் மார்கழி விடியற்காலையில் அடிக்கிற குளிர்தான் அவர்களுக்கு உச்சி வெயில். காற்றில் ஈரமே இருக்காது, உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் மறக்காதீர்கள்.

பாலைவனத்தில் புல் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போய் இறங்கியதும் கேட்பீர்கள். பாம் டெசர்ட் இருக்கிற பள்ளத்தாக்கில் நூறுக்கு மேல் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கோடையில் வளரும் பெர்முடா புல் குளிர் வந்தால் வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும், அதனால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மைதானத்தைச் சில வாரம் மூடிவைத்து, அதே தரையில் ரை புல் விதையைத் தூவி, கொலராடோ ஆற்றுக் கால்வாய்த் தண்ணீர், நிலத்தடி நீர், சுத்திகரித்த கழிவுநீர் என்று கிடைப்பதையெல்லாம் பாய்ச்சி, ஜனவரிக்குள் பச்சைப்பசேல் என்று ஆக்கிவிடுவார்கள். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற நமக்கு முதல் நாள் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

ஆட்டத்துக்கு வருவோம். 18 குழி, நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதல் தடவையே அதில் இறங்காதீர்கள், பின்னால் வருகிற கோஷ்டி முறைக்கும். ஒவ்வொரு குழிக்கும் பந்தை மூன்று தடவை அடித்தால் போதும் என்கிற சின்ன மைதானங்கள் உண்டு, அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒரு நாள், பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் புல்தரையில் ஒரு மணி நேரம் உருட்டிப் பாருங்கள், கேரமில் கோணம் பார்த்த கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடும். மட்டை வாடகைக்குக் கிடைக்கும். காலர் வைத்த சட்டை வேண்டும், பல இடங்களில் ஜீன்ஸ் ஆகாது. (லுங்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.)

காலையில் போகாதீர்கள். புல்லில் பனி உறைந்திருந்தால், மிதித்த இடமெல்லாம் கருகிவிடும் என்று அது உருகும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள், அந்தக் குளிரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மத்தியானத்துக்கு மேல் கட்டணமும் குறையும், வெயிலும் இதமாக இருக்கும், ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும்.

டைம்ஷேரில் எனக்குப் பிடித்தது மைதானம்கூட இல்லை, சமையலறைதான். பெரும்பாலும் அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும், ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆடப் போகலாம். மிளகாய் மட்டும் வறுக்காதீர்கள், புகை அலாரம் கத்தும், நான் பட்டிருக்கிறேன்.

கேள்வி: பாம் டெசர்ட் போனபோது டைம்ஷேர் விற்கிறவர்கள், இலவச பிரேக்ஃபாஸ்ட், 90 நிமிஷம் எங்கள் பேச்சை மட்டும் கேளுங்கள் என்றார்கள். நாமும் ஒரு வாரம் வாங்கிப் போடலாமா? – பெரம்பூர் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. எனக்கும் ஓரிடத்தில் 90 நிமிஷம் என்றுதான் சொன்னார்கள், மூன்று மணி நேரம் ஆனது, கடைசியில் மூன்றாவதாக வந்தவர் பேசியதைக் கேட்டு என் பேனாவே தானாக மூடி திறந்துகொண்டது. வாங்கும் விலை ஒரு முறைதான், பராமரிப்புக் கட்டணம் வருஷாவருஷம், அதுவும் ஏறிக்கொண்டே போகும், நீங்கள் போகாத வருஷத்துக்கும் கட்ட வேண்டும். அதைக் கட்ட முடியாமல்தான் பலர் ஒரு டாலருக்குக்கூட தள்ளிவிடப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருந்து வருஷம் தவறாமல் போகிற ராயபுரத்து மாப்பிள்ளை மாதிரி ஆளுக்குக் கணக்கு ஒத்துவரலாம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை போகிற நமக்கு வராது, யாருடைய வாரத்தையாவது வாடகைக்கு எடுத்தால் போதும். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், கலிஃபோர்னியாவில் 7 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய சட்டத்தில் இடம் உண்டு, நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடப் போய்விட்டால் நானும் மாமியாரும் ஒரு வாரம் என்ன செய்வது? – கொளத்தூர் வாசகி

பதில்: இண்டியோவுக்குப் போய் பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடியுங்கள், அந்த ஊர் விளைச்சலே அதுதான். அப்புறம் பாம் ஸ்பிரிங்ஸில் 1963-ல் இருந்து ஓடும் கேபிள் கார், சுமார் 8,500 அடி உயரத்துக்கு ஏறும், இப்போது உள்ள பெட்டிகள் போகும்போதே சுழலும். மாமியாருக்குத் தலை சுற்றுமா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் முக்கியம், கீழே சட்டையோடு கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பார்கள், மேலே பனி கொட்டிக் கிடக்கும்.