குறட்டைக்கு வாய்க் கருவி போட்டால் எதுக்களிப்பும் நிற்குமா?

கேள்வி: சோமனூரில் தறி ஓட்டுகிறோம். வீட்டுக்காரருக்கு வயது 47. குறட்டை விட்டுக்கொண்டிருப்பவருக்குத் திடீரென மூச்சு நின்றுபோகிறது, திணறி எழுந்து உட்காருகிறார். தொண்டை வரை புளிப்பாக ஏறுகிறதாம். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை மணிக்கு 22 முறை என்று வந்தது. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் ஒத்துவரவில்லை என்று 10 நாளில் கழற்றி வைத்துவிட்டார். பல் டாக்டரிடம் வாயில் மாட்டும் கருவி செய்துகொண்டால் இரண்டும் சரியாகுமாங்க, டாக்டர்?

பதில்: மூச்சுத் தடைக்கு அது நல்ல வழிதான் அம்மா. எதுக்களிப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு குறட்டை விட்டுப் பாருங்கள். சுலபத்தில் வராது. தாடையோடு நாக்கும் முன்னுக்கு வருவதால் தொண்டையில் வழி கிடைக்கிறது. கருவி இரவு முழுக்கச் செய்வதும் இதைத்தான். மணிக்கு 15 முதல் 30 வரை நடுத்தரம். 22-க்குப் பலன் எதிர்பார்க்கலாம். 30-ஐத் தாண்டியிருந்தால் மெஷினையே மறுபடி பழகச் சொல்லியிருப்பேன்.

சரி, புளிப்பு ஏன் ஏறுகிறது? தொண்டை அடைத்திருக்கும்போதும் நெஞ்சு விடாமல் இழுக்கிறது. ஃபுட்வால்வு அடைத்த கிணற்று மோட்டார் போல. அந்த இழுப்பில் வயிற்று அமிலமும் மேலே வரலாம். தடை குறைந்தால் இதுவும் ஓரளவு குறையக்கூடும். ஆனால் எதுக்களிப்புக்கு வயிற்றுப் பருமன், நேரம் கெட்ட சாப்பாடு என்று வேறு காரணங்களும் உண்டு. ஷிப்ட் முடிந்து 11 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். தலையணையை அடுக்காமல், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள். இடது பக்கம் சாய்ந்து படுக்கட்டும். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

கருவியை அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் கடைச் சரக்கு வேண்டாம். அமிலம் பல்லின் எனாமலையும் அரிக்கும். அதனால் எதுக்களிப்பு இருப்பதைப் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடாத பற்களும் நல்ல ஈறும் இருந்தால்தான் கருவி நிற்கும். தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னுக்கு நகர்த்துவார்கள். ஆரம்பத்தில் எச்சில் ஒழுகும், காலையில் தாடை வலிக்கும். வருடக்கணக்கில் போட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம் மாறலாம், அதனால் செக்கப்பை விடக் கூடாது.

குறட்டை நின்றதும் நோய் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கருவியை மாட்டிக்கொண்டே இன்னொரு முறை தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அதுவரை பகலில் கண் சொக்கினால் அவர் வண்டி ஓட்ட வேண்டாம், திருப்பூர் வரைதானே என்றாலும். அப்புறம், விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம் போவது, காரணமின்றி எடை குறைவது இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். நெஞ்சு வலி வியர்வையோடு வந்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.