தமிழில் அனுப்பினால் ஆளுக்கு மூன்று கிரெடிட், ஆங்கிலத்தில் ஒன்று: ஏமாற்றுகிறார்களா?

"எங்கள் சங்க உறுப்பினர்களுக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். ஆங்கிலத்தில் அனுப்பினால் ஆளுக்கு ஒரு கிரெடிட் கழிகிறது, தமிழில் அனுப்பினால் மூன்று. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, ஏமாற்றவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை உங்களிடம் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். "160 எழுத்துக்கு ஒரு கிரெடிட்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, தமிழுக்கு 70 என்பதை அடியில் பொடி எழுத்தில் போடுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்டுக்குத்தான் இடம். 1985 வாக்கில் ஜெர்மனியில் ஃப்ரீடெல்ம் ஹில்லபிராண்ட் முதலானோர் 160 எழுத்து போதும் என்று முடிவு செய்தபோது, ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்துக்கொண்டார்கள். பைட்டுக்கு 8 பிட், ஆக 140 பைட் என்றால் 1120 பிட். ஏழால் வகுத்தால் 160. அந்த 7 பிட் பட்டியலில் ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகள், கிரேக்கப் பெரிய எழுத்துகளில் பத்து, இவ்வளவும் உண்டு. தமிழ் இல்லை. பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி வந்தாலும் மொத்தச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்று மாறிவிடும் (யூனிகோட் என்பது இதைத்தான்). 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70.

70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்புக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடும், ஆக ஒரு துண்டுக்கு 67. எனவே 71 முதல் 134 வரை இரண்டு கிரெடிட், 135 முதல் 201 வரை மூன்று. உங்களுக்கு மூன்று கழிகிறது என்றால் உங்கள் செய்தி இந்தக் கடைசி வரம்புக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதே கணக்கு 160, 306, 459 என்று போகும்.

"நான் எண்ணிப் பார்த்தேன், நூறு எழுத்துகூட வரவில்லையே" என்பீர்கள். நாம் எண்ணுவது வேறு, கருவி எண்ணுவது வேறு. "மணிக்குச்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கருவிக்கு ஒன்பது: ம, ண, இகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ச, புள்ளி. இதைப் பாருங்கள்:

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கப் பொதுக்குழு. சந்தா பாக்கி ₹500 கொண்டு வரவும்.

இடைவெளி, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் 54. கருவியின் கணக்கில் 82. ஆக இரண்டு கிரெடிட். இதையே இப்படி எழுதலாம்:

ஞாயிறு காலை 10 மணி: சங்கப் பொதுக்குழு. சந்தா பாக்கி ₹500

இது 56. ஒரு கிரெடிட், அதுவும் சங்கத்தின் பெயரைச் சுருக்கிப் போட 14 இடம் மிச்சத்தோடு. கிரெடிட் 20 பைசா, உறுப்பினர் 600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிரெடிட்டுக்கு 360 ரூபாய், ஒன்றுக்கு 120. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாதம் நாலு அறிவிப்பு போனால் தெரியும்.

சுருக்க வேண்டிய இடம் புள்ளி வைத்த எழுத்தும் வினைமுற்றும்தான். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற ஒரே சொல் 27 இடத்தை விழுங்குகிறது, எஸ்எம்எஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "வரவும்" என்றால் ஆறு. அரசாங்கச் சுற்றறிக்கை நடையை விட்டாலே பாதிச் செலவு குறையும்.

ரூபாய்க் குறி ₹ விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ச் செய்தியில் அது ஓரிடம்தான், "ரூ." என்று எழுதினால் மூன்று. ஆனால் ஆங்கிலச் செய்தியில் ₹ போட்டீர்களோ, தொலைந்தது: அது 7 பிட் பட்டியலில் இல்லை, 160 ஒரே நொடியில் 70 ஆகிவிடும். வேர்டிலிருந்து ஒட்டும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு இவற்றுக்கும் இதே கதை. ஆங்கிலச் செய்திக்குத் திடீரென்று இரண்டு கிரெடிட் கழிந்தால் முதலில் இவற்றைத் தேடுங்கள்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து மாற்றியில் போட்டு எடுத்த தமிழ் என்றால் இன்னொரு கோளாறு வரலாம். "கொ" என்பது முறையாக இரண்டு இடம். சில மாற்றிகள் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்துவிடும், அப்போது மூன்று. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு நேராகத் தட்டச்சு செய்யுங்கள்.

உடனே ஒருவர் வந்து "டேஸ்16 இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை" என்பார். உண்மைதான். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு (யூனிகோட்) சேர்த்து ஏற்ற அந்தத் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓரிடம்தான், மேலே சொன்ன 82 அங்கே 54 ஆகியிருக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த போன் உங்கள் உறுப்பினர் கையில் இருக்கிறதா? எனக்கு டேஸ்16 மீது பகை ஒன்றும் இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்று. எஸ்எம்எஸ் தரத்திலேயே பின்னாளில் தமிழுக்கென்று ஒரு 7 பிட் அட்டவணை சேர்த்தார்கள், மொழி எண் 11. அதில் அனுப்பினால் ஒரு செய்தியில் 155 இடம் கிடைக்கும். காகிதத்தில் இருக்கிறது. அனுப்பும் போன், வாங்கும் போன் இரண்டும் அதை அறிந்திருக்க வேண்டும். ஒன்று அறியாவிட்டாலும் குப்பை எழுத்துதான் வரும். அதனால் யாரும் அதை நம்பி அனுப்புவதில்லை.

இனி உங்கள் பேனலில், அதாவது மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் பக்கத்தில், செய்ய வேண்டியது. டிஎல்டி தளத்தில் (மொத்தமாக அனுப்புகிறவர்கள் வாசகத்தை முன்கூட்டியே பதியும் இடம்) டெம்ப்ளேட், அதாவது வாசகம், பதியும்போது அதை யூனிகோட் என்று பதியுங்கள், அனுப்பும்போதும் யூனிகோட் என்றே தேர்ந்தெடுங்கள். சாதாரண டெக்ஸ்ட் என்று விட்டால் உறுப்பினருக்குக் கேள்விக்குறி வரிசை போய்ச் சேரும், கிரெடிட்டும் கழியும். பதிந்த வாசகத்தில் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் செய்தி போகாது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பைத் தொடங்கியபோது நாடு முழுக்க ஓடிபி நின்றுபோய், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது நினைவிருக்கும். அதனால் சுருக்க வேண்டியதைப் பதியும் முன்பே சுருக்கிவிடுங்கள். பெயர், தொகை, தேதி மாறும் இடங்களில் மிக நீளமான பெயரைப் போட்டு எண்ணிப் பாருங்கள். "முத்து"வுக்கு ஒரு கிரெடிட்டில் போன செய்தி "மீனாட்சிசுந்தரம்" என்றதும் இரண்டாகும்.

சொந்த போனிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். நாளைக்கு 100 எஸ்எம்எஸ் தரும் திட்டத்தில் மூன்று துண்டுத் தமிழ்ச் செய்தி மூன்றாகவே கழியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் தட்டச்சு செய்யும் பெட்டியின் ஓரத்தில் "12/2" என்பதுபோல் தெரியும்: இந்தத் துண்டில் இன்னும் 12 இடம், இதுவரை இரண்டு துண்டு என்று பொருள். அமைப்புகளில் "ஜிஎஸ்எம் எழுத்து" (மேலே சொன்ன 7 பிட் பட்டியல்) என்று கட்டாயப்படுத்தினால் காசு மிச்சமாகும், தமிழும் கேள்விக்குறியாகும்.

"வாட்ஸ்அப் இருக்க எஸ்எம்எஸ் எதற்கு?" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: சங்கம் என்றால் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களும் இருப்பார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி 160-க்குள் அடக்கலாம் என்பவர்களுக்கும் அதே பதில். அவர்களுக்கு அதைப் படிக்க வராது.

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்எம்எஸ் கட்டணம் என்று கணக்கில் பிடிக்கிற வங்கிகள் இருக்கின்றன. உண்மையில் அனுப்பிய அளவுக்குத்தான் வசூலிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியாயிற்று. காசு கொடுக்கிற வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு வரி அனுப்பச் சொன்னால் "யூனிகோட் செலவு அதிகம்" என்கிறார்கள். 70-க்குள் எழுதத் தெரியாதவன் சொல்கிற சாக்கு அது. "கணக்கில் ₹500 பற்று. இருப்பு ₹12,340" 36 இடம்தான்.

கடைசியாக, அடுத்த தடவை கிரெடிட் வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: யூனிகோடுக்கு 70/67 கணக்கா, வேறா? போய்ச் சேராத செய்திக்குக் கிரெடிட் திரும்புமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.