கிரியேட்டினின் கூடினால் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்றுவரும் தங்கள் தந்தையாருக்கு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.2-லிருந்து 1.6 ஆகியிருப்பதால், உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ, அதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நான் மருத்துவர் அல்லன். இதே நோயுள்ள என் தாயாரை உடனிருந்து கவனித்து வருபவன்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் தளர்ந்து அந்த வரத்து குறையும்போது, உடலில் நீர்தான் வற்றிவிட்டது என்பதுபோலச் சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேவிடாமல் பிடித்துவைக்கிறது. அந்த நீர் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இதயத்தின் மீதே சுமையாக ஏறுகிறது. பலர் அறியாதது இதன் மறுபாதி. இதயத்தால் இழுத்துக்கொள்ள முடியாத ரத்தம் சிரைகளில் தேங்கி, சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியிலும் அழுத்தம் கூடுவதால், வடிகட்டும் வேலை தடைபடுகிறது. என் தாயாரின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி நிரம்ப வெகுநேரம் ஆன நாட்களில்தான் அவருடைய கிரியேட்டினினும் உயர்ந்திருந்தது. ஊசி வழியே ஃபுரோசமைடு என்னும் நீர் வெளியேற்றும் மருந்தைக் கொடுத்து நீரை வடித்த பிறகு அது இறங்கியது.

எல்லோருக்கும் அப்படி இறங்கும் என்று சொல்லவில்லை. நீர் அளவுக்கு மீறி வடிந்தாலும் கிரியேட்டினின் ஏறும். இதயத்தின் சுமையைக் குறைக்கத் தரப்படும் ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைத் தொடங்கும்போது ஓரளவு ஏறுவது எதிர்பார்க்கப்படுவதே. உங்கள் தந்தையாருக்கு எது காரணம் என்பதை வீக்கம், எடை, ரத்த அழுத்தம், பொட்டாசியம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்ய முடியும். சர்க்கரை நோய்க்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், 2019-இல் வெளியான ஆய்வில் இதயச் செயலிழப்புக்கும், 2020-இல் வெளியான ஆய்வில் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கும் பயன்படுவதாகத் தெரியவந்தது. அது அவருக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கும் டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகள் இவ்விரு உறுப்புகளையும் ஒருசேரப் பாதிப்பவை. அவற்றைக் கட்டாயம் தவிர்க்கச் செய்யுங்கள். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் சில பொடிகளில் பொட்டாசியம் இருப்பதால் அவையும் வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று நாட்களில் 2 கிலோ கூடினாலோ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.