செமி ஃபைனல், செமஸ்டர்: இரண்டும் ஒரே 'செமி'தானா?

கேள்வி நியாயமானது; பதில், இல்லை. செமஸ்டரில் பாதி கிடையாது. லத்தீனில் செக்ஸ் என்றால் ஆறு, மென்சிஸ் என்றால் மாதம். ஆக, ஆறு மாதம். அது அரை வருடமாக அமைந்ததால், அரியர் வைத்த காலத்தில் நானும் அதை 'செமி' என்றே நம்பியிருந்தேன்.

பாதியைக் குறிக்கும் லத்தீன் பெயர்ச்சொல் செமிஸ். சொல்லின் முன்னே ஒட்டும்போது செமி: செமிகண்டக்டர், செமிகோலன், கோயம்பேட்டில் கூவிக் கூப்பிட்ட செமி ஸ்லீப்பர் பஸ். இதன் உறவுகள் கிரேக்கத்தில் ஹெமி, சமஸ்கிருதத்தில் சாமி. (நம்ம சாமி வேறு, அது ஸ்வாமியிலிருந்து வந்தது.)

ரோமானியர் ஒன்றைப் பன்னிரண்டாகப் பிரித்தவர்கள். அதில் ஆறு பங்குதான் செமிஸ்; எழுதும்போது வெறும் எஸ். அவர்களுடைய செஸ்டர்ஷியஸ் நாணயம் தொடக்கத்தில் இரண்டரை 'ஆஸ்' (இன்னொரு ரோமானிய நாணயம்) மதிப்புள்ளது. பெயரைப் பிரித்தால் 'மூன்றாவது பாதி': இரண்டு முழுசு, மூன்றாவதில் அரை. நாம் இரண்டோடு அரையைச் சேர்த்து இரண்டரை என்கிறோம். அவர்கள் மூன்றிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள்!

அப்புறம், செமிஸுடன் 'உம்' பொருள் தரும் 'க்வெ' சேர்ந்து தேய்ந்ததுதான் செஸ்குவி, அதாவது ஒன்றரை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் 2007இல் எட்டிய 150 ஆண்டுகளை ஆங்கிலத்தில் செஸ்குவிசென்டென்னியல் என்பார்கள். ஒன்றரை நூற்றாண்டு என்றால் வாய் வலிக்காது.

ஆங்கிலச் சொற்களின் முன்னே ஒட்டும் டெமி? அது டிமிடியஸ் என்ற இன்னொரு லத்தீன் 'பாதி', பிரெஞ்சு வழியாக வந்தது.