முடி வளரவில்லையா, வளர்ந்த முடி தங்கவில்லையா?

கேள்வி: எனக்கு 29 வயது. இடுப்பு வரை முடி வளர்க்க வேண்டும் என்று நான்கு வருடமாக நுனியில் கத்திரி படவே விடவில்லை. முதல் இரண்டு வருடம் நன்றாக வளர்ந்தது, அப்புறம் தோள்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. என் தங்கையும் இதே ஷாம்பூ, இதே எண்ணெய்தான் போடுகிறாள், அவளுக்கு இடுப்பைத் தாண்டிப் போகிறது. ஒரே வித்தியாசம், நான் வீட்டிலேயே கலர் போட்டுக்கொள்கிறேன், அவள் போடுவதில்லை. நுனியை அடிக்கடி வெட்டினால் வேகமாக வளரும் என்கிறார் ஒருவர், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் கலர் போடுகிறவர் என்பதால் பாதி விடை உங்கள் வகிட்டிலேயே இருக்கிறது. கலர் போட்டு ஒரு மாதம் போனால் வேரோரம் உங்கள் இயல்பான நிறம் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும், இரண்டு மாதத்தில் அது ஒரு விரல் அகலத்துக்கு வந்திருக்கும். வந்திருந்தால், உங்கள் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நின்றுபோனது நீளம்தான், வளர்ச்சி நிற்கவில்லை. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், சிலருக்குச் சற்றுக் குறையும், சிலருக்கு ஒன்றரை செ.மீ. வரை போகும். அந்தக் கணக்கில் பார்த்தால், முடி ஏறவே இல்லை என்று நீங்கள் சொல்கிற இரண்டு வருடத்தில் உங்கள் வேரிலிருந்து ஏறத்தாழ 24 செ.மீ. முடி வெளியே வந்திருக்கிறது. அது எங்கே போனது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

போவதற்கு இரண்டு வழிதான். ஒன்று, நுனியில் உடைந்து போயிருக்கும். இல்லையென்றால், ஒவ்வொரு முடியும் தன் முழு ஆயுளை வாழ்ந்து முடித்து வேரோடு உதிர்ந்து, அதே இடத்தில் புதிய முடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை, ஆனால் ஆளுக்கு ஆள் கூந்தல் நீளம் மாறுவதற்கு அதுதான் பெரிய காரணம்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுழற்சியில் ஓடுகிறது. முதலில் வளரும் பருவம், அனாஜென் என்பார்கள், பொதுவாக 2 முதல் 6 வருடம். அப்புறம் இரண்டு மூன்று வாரம் மயிர்க்கால் சுருங்கும். அதன்பின் சுமார் மூன்று மாதம் ஓய்வு, அதன் முடிவில் பழைய முடி விழும், புதியது முளைக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் தலையில் பத்தில் ஒன்பது முடி வளரும் பருவத்தில்தான் இருக்கும், அதனால்தான் நமக்கு உதிர்வது கண்ணில் பெரிதாகப் படுவதில்லை. நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு.

இப்போது கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 12 செ.மீ. வளரும் இரண்டு பேர். ஒருவருக்கு வளரும் பருவம் மூன்று வருடம், அவருடைய முடி 36 செ.மீ. எட்டியதும் விழுந்துவிடும். இன்னொருவருக்கு ஆறு வருடம், அவருக்கு 72 செ.மீ. வரை போகும். வேகம் ஒன்றுதான், பராமரிப்பும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் ஒருவருக்குத் தோளோடு நிற்கும், மற்றவருக்கு இடுப்புக்கு வரும். புருவத்தைப் பாருங்கள், அதை யாரும் மாதாமாதம் கத்தரிப்பதில்லை, ஆனாலும் அது கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்வதில்லை. அதன் வளரும் பருவம் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் சீனாவைச் சேர்ந்த ஷி சியூபிங் இருக்கிறார். 1973-ல் தன் 13-வது வயதில் முடி வெட்டுவதை நிறுத்தினார், 2004 மே மாதம் அளந்தபோது 5.627 மீட்டர், கின்னஸ் சாதனை. கேட்டதும் இவருக்கு முடி அசுர வேகத்தில் வளர்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். 31 வருடத்தால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்குச் சுமார் 18 செ.மீ., மாதத்துக்கு ஒன்றரை. அதாவது பலருக்கும் இருக்கிற வேகத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். அவரிடம் அபூர்வமாக இருந்தது, அந்த முடிகளில் சில ஆறு வருடத்தில் விழாமல் பல பத்து வருடங்கள் வளர்ந்துகொண்டே இருந்ததுதான்.

வளரும் பருவத்தை முடித்துவைக்கச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று எஃப்ஜிஎஃப்5 என்ற புரதம். அந்த மரபணு வேலை செய்யாத எலிகளுக்கும் நாய்களுக்கும் ரோமம் நீளமாக வளர்கிறது, மனிதர்களில் சில குடும்பங்களில் அதே மரபணு பழுதால் கண் இமை முடி வழக்கத்தை விட மிக நீளமாக இருப்பதும் பதிவாகியிருக்கிறது. தலைமுடி நீளத்தை இந்த ஒரு மரபணு மட்டும் தீர்மானிக்கவில்லை, பல சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. உடன்பிறந்தவர்கள் என்றாலும் பெற்றோரின் மரபணுக்கள் இருவருக்கும் ஒரே மாதிரி கலந்து வருவதில்லை. அதனால் தங்கையை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு வந்த நீளம் உங்களுக்கு வராமல் போனால் அது உங்கள் அலட்சியத்தால்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, உங்களுக்கு நடப்பது எது? இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வாரம் சீப்பிலும் தலையணையிலும் குளியலறையிலும் விழும் முடியைச் சேர்த்து, வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். கருமுடி என்றால் வெள்ளைத் தாள், வெளிர் நிறம் என்றால் கறுப்புத் தாள். முடியின் ஒரு முனையில் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து இயல்பாக விழுந்தது. பலர் அதைப் பார்த்துவிட்டு வேரே போய்விட்டது என்று பயப்படுகிறார்கள், பயமே வேண்டாம், அது ஓய்வு முடிந்த முடியின் அடிப்பகுதி மட்டும்தான், மயிர்க்கால் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாத துண்டுகள் உடைந்தவை.

குமிழ் உள்ள முடிகளை அளந்து பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கூந்தலின் முழு நீளத்துக்கே இருந்து, நுனியும் வெடிக்காமல் மெல்லக் கூர்மையாக முடிந்தால், நீங்கள் உங்கள் எல்லையை நெருங்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சிறு துண்டுகள் நிறைய இருந்து, நீள முடிகளின் நுனியும் இரண்டாக மூன்றாகப் பிளந்திருந்தால் பிரச்சினை உடைவதில் இருக்கிறது. ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்து நுனியிலிருந்து மேலே விரலை ஓட்டுங்கள். நடுவில் எங்காவது சின்ன வெண்புள்ளி மாதிரித் தெரிந்தால் அந்த இடத்தில் முடி நார் நாராகப் பிரிந்திருக்கிறது, அடுத்த சிக்கு எடுக்கும்போது அங்கேதான் அறும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு உடைவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. காரணம் கலர். நிரந்தரக் கலரில் இருக்கும் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் முடியின் மேல் செதில்களைத் தூக்கித்தான் உள்ளே போகின்றன, பிளீச் சேர்ந்தால் சேதம் இன்னும் அதிகம். இதில் பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனி வரை கலரைத் தடவுவது. நுனிக்கு ஏற்கெனவே நிறம் இருக்கிறது, புதிதாக வளர்ந்த விரல் அகலத்துக்கு மட்டும் போட்டால் போதும். 50 செ.மீ. முடியின் நுனிக்கு வயது நான்கு வருடத்துக்கு மேல். அத்தனை வருடம் துவைத்த துணி மாதிரி அது நைந்திருக்கும், அதன் மேல் திரும்பத் திரும்ப ரசாயனம் ஏற்றினால் தாங்காது.

வேருக்கு வெளியே இருக்கும் முடியில் உயிரில்லை. உடம்பில் புண் ஆறுவது போல அது தன்னைச் சரிசெய்துகொள்ளாது. பிளந்த நுனியை எந்த சீரமும் நிரந்தரமாக ஒட்டவைக்காது, கொஞ்ச நாள் மூடி வைக்கும், அவ்வளவே. ஆகவே நீள முடி வேண்டுமென்றால் நுனியைச் சேதமாகாமல் காப்பதுதான் வழி. ஷாம்பூவை உச்சந்தலையில் போட்டுத் தேயுங்கள், நீளத்துக்கு வழியும் நுரையே போதும். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே நுனி வரை போடுங்கள். எண்ணெய் முடியை வளர்க்காது, ஆனால் தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும், அதனால் தலைக்குக் குளிப்பதற்கு முன் நுனியில் தடவுவது பயனுள்ள பழக்கம்தான்.

ஈர முடி அதிகம் இழுபடும், சுலபமாக அறும். நேரான முடி என்றால் முக்கால்வாசி காய்ந்தபின் பல் அகலமான சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். சுருள் முடிக்கு இது அப்படியே தலைகீழ், காய்ந்த சுருளைச் சீவினால்தான் உடையும், கண்டிஷனரோடு ஈரமாக இருக்கும்போதே சிக்கு எடுக்க வேண்டும். சுருள் முடிக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முடி இழுத்துப் பார்த்தால் ஒரு நீளம், விட்டால் அதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு வளைவும் உடையக்கூடிய இடம், தலையின் எண்ணெய்ப் பசையும் அந்த வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போகாது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி சராசரியாகக் கொஞ்சம் மெதுவாகவும், கிழக்கு ஆசியர்களின் முடி சற்று வேகமாகவும் வளர்கிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நேர்முடிக்காரர் ஒருவரின் இரண்டு வருட நீளத்தைப் பார்த்து மற்றவர்கள் ஏங்குவதில் அர்த்தமே இல்லை.

ஹேர் டிரையர் போட்டால் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னரை வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் நீர் கொதித்து முடித்தண்டுக்குள் குமிழிகள் உண்டாகி அங்கேயே ஒடியும். தினமும் ஒரே இடத்தில் ரப்பர் பேண்டை இறுக்கினால் அந்த வரியில் முடி அறுபடும், நெற்றியோரம் வலிக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டுவது இன்னும் மோசம், பல வருடம் தொடர்ந்தால் அந்த மயிர்க்கால்கள் நிரந்தரமாகவே போய்விடலாம்.

நுனி வெட்டுவது பற்றி. வளர்ச்சி நடப்பது தோலுக்குள், கத்திரி படுவது அதிலிருந்து அரை மீட்டர் தள்ளி. அங்கே வெட்டுவது இங்கே தெரியாது. மழித்தால் முடி அடர்த்தியாகும் என்பதைக்கூட 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று காட்டிவிட்டார். ஆனால் வெட்டவே கூடாது என்பதும் சரியில்லை. பிளவு நுனியோடு நிற்காது, மேலே ஏறும். உங்கள் விஷயத்தில் முதலில் பிளந்த பகுதியை ஒருமுறை தைரியமாக எடுத்துவிடுங்கள், 3 அல்லது 4 செ.மீ. போகலாம், மனசு வலிக்கும், தெரியும். அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை செ.மீ. போதும். மாதம் ஒரு செ.மீ. வெட்டினால் வளர்ந்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

பயோட்டின் வேண்டாம். அதன் குறைபாடு அரிது, குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை நீளமாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயப் பாதிப்பைக் கண்டறியும் டிரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தவறாக வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. அந்தப் பணத்துக்கு, சோர்வும் அதிக மாதவிடாய் ரத்தப்போக்கும் உங்களுக்கு இருக்கிறதென்றால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம். இவற்றில் குறை இருந்தால் வளரும் பருவமே சுருங்கும், அதைச் சரிசெய்தால் பலன் தெரியும்.

திடீரென்று கொத்துக் கொத்தாக விழுந்தால், இரண்டு மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, வேகமாக எடை குறைத்தது, பிரசவம், இதில் எதுவானாலும் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய் பிறகு சேர்ந்து உதிரும். இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தணிந்துவிடும், மறுபடி முளைக்கும், ஆனால் முளைத்தது பழைய நீளத்துக்கு வர வருடங்கள் ஆகும்.

வகிடு அகலமாகிக்கொண்டே போவது, பின்னலின் பருமன் வருடத்துக்கு வருடம் குறைவது, விழும் முடிகள் முன்பை விடக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பது, இவை மூன்றும் வேறு கதை. பரம்பரை முடி மெலிவில் ஒவ்வொரு சுழற்சியிலும் வளரும் பருவம் குறுகிக்கொண்டே போகும். இதற்கு மினாக்சிடில் போன்ற மருந்துகள் உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால்தான் நல்ல பலன், ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். வட்ட வட்டமாக முடி போனாலும், உச்சந்தலை சிவந்து எரிந்தாலும் உடனே போக வேண்டும்.

இப்போதைக்கு நுனியைச் சீர்செய்து, கலரை வேரோரம் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் போட்டு, ஆறு மாதம் பாருங்கள். உடைவதுதான் காரணம் என்றால் அதற்குள் 4 அல்லது 5 செ.மீ. கூடியிருக்கும். கூடாமல், விழுகிற முடியெல்லாம் குமிழோடும் முழு நீளத்தோடும் இருந்தால் அதுதான் உங்கள் கூந்தலின் இயல்பான நீளம், எந்த எண்ணெயும் அதை இடுப்புக்குக் கொண்டுபோகாது. அப்போது, மெலிந்து வாலாகத் தொங்கும் கடைசி நான்கு விரலை எடுத்துவிட்டு ஒரே மட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள், அடர்த்தியாகத் தெரியும்.